மூச்சுக்குப் பத்லி

“…நாலு பேருக்கும் நான் ஒருத்தனேதான் சார் ஊதுனேன். உங்க மிஷின் கண்டுபுடிச்சுதா? இல்ல, நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு, தேவராஜ் தன் ட்ரம்பெட்டைக் கவிழ்த்து உள்ளே தேங்கியிருந்த எச்சில் தண்ணீரைத் தரையில் உதறினார். கூடவே ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்ற ட்ரம்காரரும் சிரித்தார்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஏழு கழுதை வயசாச்சு, கோபப்பட்டால் மாத்திரை ஜாஸ்தியாகும் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இருந்தும் பட்டேன். இதை எழுதும்போதும் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

ஆம்பூர் புறவழிச்சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். நண்பர் மகனுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வர வேண்டிய வண்டி வரவில்லை. வந்தால் வாசித்து வரவேற்க வேண்டிய பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டும் மஞ்சள் குஞ்சமுமாக வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையை என் மூக்கு தேடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இந்த மண்டபம் நிற்கிற இடத்தில்தான் ஒரு காலத்தில் நாங்கள் சோதனை போட்ட தோல் பதனிடும் ஷெட் நின்றது. ஊறின தோல், சுண்ணாம்பு, சாயம் எல்லாம் கலந்த நாற்றம் அது. “நாறினா சோறு, நாறாட்டிப் பட்டினி” என்பார்கள் இந்தப் பக்கத்தில். இப்போது பன்னீர் தெளிக்கிறார்கள். நன்றாகத் தெளிக்கட்டும்.

தேவராஜை எனக்குத் தெரியும். அந்த ஷெட்டில் வேலை பார்த்த சாமுவேலின் மச்சான், மனைவியின் தம்பி. பார்த்து எத்தனையோ வருஷம். பேச்சு வாக்கில், “இதோ இங்கதான் டேபிள் போட்டு உங்க ஆளுங்களையெல்லாம் ஊத வெச்சோம், ஞாபகம் இருக்கா?” என்றேன். அதற்கு வந்த பதில்தான் மேலே எழுதியது.

முழுசாகச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

நான் படித்தது பத்தாவது வரை. அதிலும் ஃபெயில், எதில் என்று கேட்டால் விஞ்ஞானத்தில். அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். “தறியும் வேணாம், படிப்பும் ஏறல, கண்ணாடி கழுவத் தெரியுமாடா?” என்று கேட்டு வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். குழாய், குடுவை, தட்டு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்ப்பது வேலை. அங்கேதான் டாக்டர் ரூபாவதி இருந்தார். மூச்சு எப்படிப் போகிறது, வருகிறது, மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் என்ன செய்கின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. இதை யாரும் நம்ப மாட்டார்கள். ஷெட்டுக்குப் போனால், “டாக்டரம்மா, முட்டிவலிக்கு எதுனா குடுங்க” என்று சூழ்ந்துகொள்வார்கள். அவர் சலிக்காமல், “முட்டி மூச்சு விடாதேப்பா, விட்டா நான் பாக்குறேன்” என்பார்.

ஒருநாள் கழுவுகிற தொட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டு ஒரு தவளையின் மேலண்ணத்தைக் காட்டினார். வெட்டி எடுத்து ஈரமாக வைத்திருந்தார். அதன்மேல் ஒரு கரித்துணுக்கை வைத்தார். யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை. கரித்துணுக்கு மெதுவாக ஊர்ந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சாமி வந்தது போல இருந்தது.

“நம்ம மூச்சுக்குழாயிலயும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத மயிருங்க. விழுற தூசிய மேல தள்ளித் தள்ளித் தொண்டைக்கு அனுப்பிடும். சம்பளம் இல்லாத வேலைக்காரங்க” என்றார்.

புத்தகத்தில் அதற்குக் குற்றிழை என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்து சாய்ந்து போகும். பாலாற்றில் தண்ணீர் போனதை நான் பார்த்த அபூர்வமான தடவைகளில் கரையோரக் கோரை அப்படித்தான் சாய்ந்து நிமிர்ந்தது. அன்றைக்கு முளைத்த ஆசையில், கூடத்தில் கழித்துப் போட்ட பழைய பாடப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய் அகராதியை மடியில் வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். இங்கிலீஷில் மூச்சு விட எனக்கு ரொம்ப நாள் ஆனது.

மனிதர்களின் மூக்குக்குள் சின்ன பிரஷ் விட்டு எடுத்த செல்களைத் தட்டில் வைத்து, கோழி அடைகாக்கிற சூட்டில் உயிரோடு வைத்திருப்பார் டாக்டரம்மா. கரண்ட் போனால் போச்சு. அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிக்கு என் அப்பா நெய்த லுங்கிகளைச் சுற்றிப் போர்த்துவேன். “செல்லுக்கு லுங்கி கட்டுனவன் நீ ஒருத்தன்தான்யா” என்று கூடத்தில் கிண்டல். கிண்டல் செய்தவர்களுக்கு அடுத்த நாள் செல் செத்துப்போகும். எங்களுக்குச் சாகாது.

இப்போது ஷெட். பஃபிங் என்று ஒரு வேலை உண்டு. பதப்படுத்திய தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது. தேய்க்கத் தேய்க்கத் தூசு. மாவு மில்லில் நிற்பவன் போல ஆள் முழுக்க நீலம் பாரித்த சாம்பல் நிறம். இமை மயிரில்கூடத் தூசு உட்கார்ந்திருக்கும். சாமுவேல் அந்த மிஷினில் நின்றவர். நல்ல குரல்காரர், கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் முதல் பாட்டு அவருடையது. நாங்கள் பழக ஆரம்பித்த காலத்தில் அந்தக் குரல் நடுவழியில் உட்கார ஆரம்பித்திருந்தது. ஒரு வரி பாடுவார், நிற்பார், இருமுவார்.

“இன்னா சாமு, அடுத்த வரி மறந்துபோச்சா?” என்று கேலி செய்தால், “வரி இருக்கு, ஏத்திவுட ஆள் இல்ல” என்பார் நெஞ்சைத் தட்டி.

டாக்டரம்மா கேட்டது பெரிய வரம் இல்லை. ஒவ்வொரு பஃபிங் மிஷினுக்கும் தூசை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஒரு குழாய். அது வர வேண்டுமென்றால், இந்தத் தூசு மூச்சைக் கெடுக்கிறது என்று சோதனை போட்டுக் காட்ட வேண்டும். மூச்சையும் அளந்து, செல்லையும் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் யார் மறுப்பார்கள்? அப்படி நம்பினார். நானும் நம்பினேன்.

பேசிப் பேசி ஷெட்டுக்குள் நுழைய அனுமதி வாங்கி, மூச்சை அளக்கிற மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீரில் கவிழ்த்த வாளி மாதிரி ஓர் உருளை. குழாயில் ஊதினால் அது எழும்பும். கூடவே ஒரு முள் காகிதத்தில் கோடு போடும். நல்ல மூச்சு என்றால் கோடு பனைமரம் மாதிரி ஏறும். கெட்ட மூச்சு, பாரவண்டி மேடேறுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். ஷெட்டில் அதற்கு ஊதுடப்பா என்று பெயர் வைத்தார்கள்.

“சார், குடிச்சிருந்தா காட்டிக் குடுத்துருமா?” என்று ஒருவர் கேட்டார்.

“மிஷின் காட்டிக் குடுக்காது. பொண்டாட்டிதான் காட்டிக் குடுப்பா” என்றார் இன்னொருவர். ஒரே சிரிப்பு.

மேஸ்திரி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அனுப்பினார். “சாமுவேல்!” என்றதும், முகமெல்லாம் தூசு அப்பி, தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் வந்து ஊதினார். டாக்டரம்மா அன்றைக்கு என் பக்கத்தில் இல்லை. ஆபீஸ் அறையில் கணக்குப்பிள்ளையிடம் எல்லாருடைய வயசு, வேலை, லீவு விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது சாமுவேலைத் தெரியாது. அந்த ஷெட்டில் எவர் முகமும் தெரியாது. எல்லார் முகத்திலும் ஒரே தூசு. முள் சர்ரென்று ஏறியது. பிறகு பார்த்த டாக்டரம்மா, “அட, இது பாட்டுக்காரன் மூச்சுப்பா” என்று அதிசயப்பட்டார். இன்னும் மூன்று பெயர்களின் கோடும் அப்படியே ஏறியிருந்தது. “நாலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கே” என்றுகூடச் சொன்னார்.

அண்ணன் தம்பியாவது! ஒரே ஆள்.

இங்கே பத்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோல் ஷெட்டுகளில் தினக்கூலிக்காரன் ஒருநாள் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறொருவன் வந்து ஒட்டிக்கொள்வான். அப்புறம் இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் காய்ச்சல் வந்தால், வீட்டில் சாவு விழுந்தால், தம்பியையோ மச்சானையோ தன் பெயரில் அனுப்பிவைப்பான். அவன்தான் பத்லி. மேஸ்திரிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். உருளைக்கு முன்னால் இரண்டு கை இருந்தால் போதும், அது யார் கை என்பது யாருக்கு வேண்டும்? “கைக்குப் பேர் கெடையாது” என்று ஒரு சொலவடையே உண்டு. இதெல்லாம் ஊருக்கே தெரியும். டாக்டரம்மாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் பத்லி அனுப்புகிறவன் மூச்சுக்கும் அனுப்புவான் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

மூக்குச் செல்லை ஷெட்டில் எடுக்க முடியாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே வேலூர் வந்தார்கள். அங்கே மேஸ்திரி இல்லை, பெயர் கூப்பிடவில்லை, டீயும் பன்னும் உண்டு. அதனால் உண்மையான ஆட்களே வந்தார்கள். சாமுவேலை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்ததும் அங்கேதான். தூசு கழுவின முகத்தோடு, தலைவாரி, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. மாடிப்படி ஏறி வந்ததற்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். டாக்டரம்மா அவரையும் பார்த்தார், அவர் பெயரில் இருந்த கோட்டையும் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

பிறகு நுண்ணோக்கியைப் பார்த்தார். செல்களில் மயிரே இல்லை. அங்கங்கே ஒன்றிரண்டு, அதுவும் ஆடாமல் நின்றன. கோரை கருகின பாலாறு.

“இன்னாம்மா, என் மூக்கு இன்னா சொல்லுது?” என்றார் சாமுவேல்.

“வழுக்கை விழுந்திருக்குப்பா” என்றார் டாக்டரம்மா சிரிப்பு மாதிரி ஒன்றோடு.

“தலையில வுழல, மூக்குல வுழுந்துச்சா? மாமியார் வூட்ல சொல்லிக்க முடியாதே” என்று சாமுவேல் சொல்ல, வந்தவர்கள் எல்லாம் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது.

இன்னொரு முறை ஊதிப் பார்க்கலாம் என்று மறுவாரமே ஷெட்டுக்குப் போனோம். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலூர் போகிறவனுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவர்களும் வரவில்லை. சாமுவேலை மட்டும் நான் ஆம்பூர் சர்ச்சில் போய்ப் பார்ப்பேன்; ஊதின கதையை மட்டும் அவர் எடுக்கவே மாட்டார். கையில் இருந்தது அவ்வளவுதான்: நன்றாக ஊதிய கோடுகள், மயிர் உதிர்ந்த செல்கள்.

அதைத்தான் டாக்டரம்மா ஒரு கூட்டத்தில் வைத்தார். மேஜைக்குச் சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள், முதலாளிகள் தரப்பு, அதிகாரிகள் தரப்பு. நான் நுண்ணோக்கியை மடியில் வைத்து, செல் தட்டை லுங்கியில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். ஒரே ஒரு தடவை கண்ணை வைத்துப் பாருங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஒருவர்கூட வைக்கவில்லை. ஒருவர் நுண்ணோக்கிப் பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்தார். எனக்கு அந்தக் கிளாஸின் வட்டக்கறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“மூச்சு நார்மல்னு உங்க மிஷினே சொல்லுது. அப்புறம் என்னம்மா மூக்கு மயிரப் பத்திப் பேச்சு?” என்றார் ஒரு பெரிய மனிதர்.

சிரித்தார்கள். மூன்றாவது நாலாவது நாற்காலி வரைக்கும் அந்தச் சிரிப்பு போய் வந்தது. டாக்டரம்மா காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். “பேச்சுக்கு ஆள் உண்டு, மூச்சுக்கு ஆள் இல்ல” என்று சாமுவேல் சொல்வார், அதுதான் ஞாபகம் வந்தது. தூசு உறிஞ்சுகிற குழாய் வரவில்லை. நார்மல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கையில் கிடைத்ததை எறியத் தோன்றும்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது, அதற்கப்புறம் டாக்டரம்மா செய்தது. தன்னையே குடைய ஆரம்பித்தார். ஊதுடப்பாவைக் கழற்றி மாட்டினார். தண்ணீர் மட்டம் தவறியதா, முள் வழுக்கியதா, பிரஷ் உரசி மயிர் உதிர்ந்ததா, சாயம் கெட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தவளைகளிடம் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினார். “மிஷின் பொய் சொல்லாது. செல்லும் பொய் சொல்லாது. அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன்” என்றார். கட்டுரையை எழுதி முடித்து அனுப்பாமலே வைத்துக்கொண்டார். தோலையும் தூசையும் விட்டுவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய், பெயர் எடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டார். போன மாசம் காட்பாடியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்தார். கொடுத்த கையோடு, “அந்தப் பிரஷ்ஷ நாம கொஞ்சம் அழுத்திட்டோமோ?” என்றார். இத்தனை வருஷம் கழித்து!

சாமுவேல் போய்விட்டார். காசநோய் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவரும் நம்பிக்கையோடு முழுங்கிக்கொண்டே இருந்தார். அடக்கத்துக்கு பேண்டு வாசித்தவர் தேவராஜ்.

அந்த தேவராஜ்தான் இப்போது வேப்பமரத்தடியில் என் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

“எப்படியா ஊதுன?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அது இன்னா சார் பெரிய வேல? ஒருவாட்டி தலையில துண்டு, ஒருவாட்டி குல்லா, ஒருவாட்டி மூஞ்சில ரெண்டு கை தூசு எடுத்து அப்பிக்கிட்டேன். நான் மட்டுமா? நெஞ்சு நல்லா இருந்தவன் அவனவனே ஊதுனான். முடியாதவன் எல்லாம் ஊட்லேர்ந்து ஆள் இட்டாந்தான். நல்லாத்தான ஊதுனோம்? உங்களுக்கும் சந்தோஷந்தான?”

“சந்தோஷமா? நீ ஊதுனதால மிஷினுக்குக் குழாயே வரலய்யா! நார்மல்னு எழுதி மூடிட்டாங்க. உன் மாமன் அதுலதான் செத்தாரு!”

சிரிப்பு நின்றது. ட்ரம்காரர் மெல்ல நகர்ந்து போனார்.

“ஊதுறதுக்கு முந்தின நாள் மேஸ்திரி இன்னா சொன்னான் தெரியுமா சார்?” என்றார் தேவராஜ். “‘நாளைக்கு மிஷின் வருது. எவன் மூச்சு கம்மியோ அவன் நாளாநிக்கு வர வேணாம்’னான். மாமா அன்னிக்கு ஊட்டுக்கு வந்து, ‘தேவா, எனக்கோசரம் ஊதுடா’ன்னாரு. வாத்தியம் வாசிக்கிறவன் ஊதாம? ஊதலன்னா அன்னிக்கே தொரத்தியிருப்பான். புள்ளைங்க சின்னதுங்க. நீங்க சொல்லுங்க, இன்னா பண்ணியிருக்கணும் நான்?”

வாய் நிறையத் திட்டு இருந்தது, யார் மேல் துப்புவது என்று தெரியவில்லை. மிரட்டின மேஸ்திரி செத்துவிட்டான். அவனை மிரட்டச் சொன்னவர்கள் நல்ல பெயரோடு இருக்கிறார்கள். டீ கிளாஸ் வைத்த ஆளின் படம் ஏதோ ஒரு சுவரில் மாலையோடு தொங்கும். எதிரே நிற்பது, மாமனுக்காக ஊதின ஒரு மச்சான். கிடைத்தவன் மேல் பாய்ந்துவிட்டேன். தப்பான ஆள் மேல் பாய்ந்தோம் என்று தெரிந்த பிறகும் கோபம் இறங்கவில்லை பாருங்கள், அது இடம் தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

“அந்த டாக்டரம்மா இருக்காங்களா?” என்றார் தேவராஜ்.

“வேலூர் தாண்டி காட்பாடில, ஸ்டேஷனுக்கு எதுத்த தெருவுல இருக்காங்க. இன்னிக்கும் தன் தப்புன்னே நெனச்சிக்கிட்டிருக்காங்க. எங்க தப்புன்னு தேடிக்கிட்டே இருக்காங்க.”

“தெரியாதா அவங்களுக்கு?”

“எனக்கே இப்பதானய்யா தெரியும்!”

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். பஃபிங் மிஷின்கள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டி இருந்த மூலையில் கை கழுவும் குழாய்கள். ஊதுடப்பாவை ஆராய்ச்சிக்கூடத்தில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்; நான் கேட்டேன், தரவில்லை. செல் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தவன் நானே. சாமுவேலின் முதல் பாட்டை இப்போது யார் பாடுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்த நாலு பேரில் ஒருவரும் இல்லை. அவர்கள் மூச்சு எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு கோடுகூட உலகத்தில் இல்லை. இருக்கிற கோடெல்லாம் தேவராஜுடையது.

கேட்டுப் பக்கம் ஹாரன் கேட்டது. பூ சுற்றின கார் திரும்பிக்கொண்டிருந்தது. “தேவாண்ணே! பொண்ணு வண்டி வந்துடுச்சி, வாங்க! மொதல்ல உங்க பீஸ்தான்!” என்று பேண்டு மாஸ்டர் கத்தினார்.

தேவராஜ் ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றினார். கோட்டில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ட்ரம்பெட்டை மாஸ்டர் கையில் திணித்தார்.

“எனக்கு இன்னிக்குப் பத்லி வெச்சிக்கோ” என்றார்.

நான் கேட்டை அடைவதற்குள், அந்தச் சிவப்புக் கோட்டோடு சாலைக்குக் குறுக்கே ஓடி, வந்துகொண்டிருந்த வேலூர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.